கூட யாரு?

அக்கா என்னிடம் முதலில் கேட்டது என் பெயரை அல்ல, மார்க்கையும் அல்ல. டோம்பிவிலியிலிருந்து மும்பை லோக்கல் ரயிலில் ஒற்றைக்காலில் நின்றபடி வந்து இறங்கி, கசங்கிய துப்பட்டாவோடு மாட்டுங்காவில் எங்கள் கல்லூரி ஆய்வகத்து வாசலில் நான் நின்றேன். அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவர் ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். நடந்துகொண்டே கேட்டார்.

"தமிழா? சரி. எந்த வாயுல வேலை செய்யப் போற?"

"கார்பன் டை ஆக்சைடு" என்றேன், பெருமையாக.

"கூட யாரு?"

"கூட யாரும் இல்லக்கா. அது மட்டும்தான்."

"அது மட்டும்னா, அப்படி எங்கட்டி இருக்கு? இந்த ஊர்ல எது தனியா இருக்கு?"

பதிலுக்கு நிற்காமல் குழாயோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எதற்காகவும் அவர் உட்கார்ந்து காத்திருந்து நான் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் எப்போதும் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கும்.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் விட மாட்டார், "கட்டுரையில கூட யாரு?" என்பார். கூட அவருடைய அண்ணன் இருக்கிறார். நான் இருக்கிறேன். குழந்தையோடு ஒரு மாடி வீட்டுக்காரம்மா இருக்கிறார். ஒரு மரப்பெட்டி நிறையச் சிரட்டைக் கரி இருக்கிறது. அவ்வளவுதான் கூட்டம்.

அக்கா செய்த ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது, எனக்கும் அதைச் சொல்ல ஆசை. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பக்குவப்படுத்திய கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடி கோடியாக இருக்கின்றன. காற்றில் போகிற வாயு அந்தத் துளைச் சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்ளும். பாடப்புத்தகம் இதைப் பரப்புக் கவர்தல் என்கிறது. யாராவது, "ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சுது" என்று சொல்லிவிட்டால் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும்.

"உறிஞ்சல. உக்காருது. உறிஞ்சுனதைப் பிழிஞ்சாத்தான் வரும். உக்காந்தவன் எப்ப வேணா எந்திரிப்பான்."

ஒரே ஒரு வாயுவைக் கரிக்குள் விட்டால் எவ்வளவு உட்காரும் என்பதை எடை போட்டே கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடிக் குழாய்க்குள் தராசில் கரி தொங்கும். வாயுவை விட விட எடை ஏறும், பிறகு அசையாமல் நிற்கும். ஆனால் வெளியுலகில் வாயுக்கள் கூட்டமாகத்தான் வருகின்றன. இரண்டை விட்டால் யாருக்கு எவ்வளவு இடம்? மூன்றை விட்டால்? எந்த விகிதத்தில்? எல்லாவற்றையும் அளந்துகொண்டிருக்க ஆயுள் போதாது. அதனால், தனித்தனியாக இருக்கும்போது ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துக்கொண்டு, சேர்ந்து இருக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குதான் அக்காவின் வேலை.

"கல்யாணத் தரகர் பாக்குத வேலைதாம்ட்டி" என்பார்.

தரகரை அவருக்கு நன்றாகவே தெரியும். தாராவியில் அவர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு மாப்பிள்ளை போட்டோ வந்துகொண்டிருந்தது. அப்பா இல்லாத வீடு. தோல் பை செய்கிற அண்ணன்தான் தங்கச்சியைப் படிக்க வைத்தார், அவர்தான் மாப்பிள்ளையும் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்து என்ஜினியர் ஒருவரின் படத்தைக் காட்டி, "பையன் தங்கம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத் தவறாமப் போறான். பீடி சிகரெட் கிடையாது" என்றிருக்கிறார். அக்கா படத்தைப் பார்க்காமலே, "வீட்ல கூட யாரு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, அப்பா, ஒரு பாட்டி, கல்யாணமாகாத ரெண்டு அக்கா, துபாயிலிருந்து திரும்பிவந்த ஒரு சித்தப்பா. "அப்ப இவனை மட்டும் எதுக்கு என்கிட்ட காட்டுத? குழாய்ல தனியா அடைச்சு வச்சா எல்லா வாயுவும் யோக்கியம்தான் அண்ணே!"

அண்ணன் என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். "கேளும்மா இவ பேச்சை. மாப்பிள்ளைய வாயுங்கா."

எனக்குத் தலைவலி வந்து மாத்திரையைப் பிரித்தால், "காலைல கூட என்ன முழுங்குன?" என்று கேட்பார். கான்டீனில் டீ சொன்னால், "கூட யாரு வாரா?" இதெல்லாம் போகட்டும். ரயிலில்தான் அவர் உச்சம்.

எங்கள் லோக்கலில் பெண்கள் பெட்டிக்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஏறியதும் உட்கார்ந்திருப்பவரிடம், "கஹாங் உதர்னா ஹை?" என்று கேட்க வேண்டும். காட்கோபரில் இறங்குகிறேன் என்று அவர் சொன்னால், காட்கோபருக்குப் பிறகு அந்த இடம் கேட்டவருடையது. நடுவில் யார் வந்து முறைத்தாலும் செல்லாது. மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவதாக ஒருத்தி அரை இடுப்பை நுழைத்துக்கொள்வாள், அதற்கு ஃபோர்த் சீட் என்று பெயர். என்னோடு எங்கள் வீட்டுக்கு வருகிற நாள்களில் அக்கா கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் ஒரு பரிசோதனையைப் போலப் பார்த்துக்கொண்டு வருவார்.

"அந்த ஃபோர்த் சீட்டுக்காரியப் பாரு. சொகமா உக்காந்திருக்கான்னு நெனைக்க. முலுண்ட்ல ஒரு பெரிய ஆளு ஏறட்டும், முதல்ல எந்திரிக்கது இவதான்."

"எழுந்திருக்கலைன்னா?"

"எந்திரிக்க வச்சிருவாங்கட்டி."

முலுண்டில் அப்படியே நடந்தது. அக்காவின் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்தைப் பார்த்தால், அந்தப் பெண்ணைத் தானே தள்ளிவிட்டதைப் போல இருக்கும். ஆனால் அவருக்கு யாராவது இடம் கொடுத்தால் என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிடுவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "உக்காந்துட்டா யாரு ஏறுதா, யாரு எறங்குதான்னு தெரியாது" என்றார்.

அண்ணனின் கடைக்கு வருகிறேன். தாராவியில் சால் என்கிற ஒண்டுக்குடித்தனக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், வரிசை அறைகளில் ஒன்று அது. முன்னால் வாசல், பின்னால் படிக்கட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். உள்ளே அண்ணனும் காரிகர்கள் என்கிற நான்கைந்து கைவேலைக்காரர்களும் தோலை வெட்டி, ஒட்டி, தைத்துக்கொண்டிருப்பார்கள். ஒட்டுவதற்கு ரப்பர் பசை. அதை அங்கே சொல்யூஷன் என்பார்கள். டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறி நெற்றியில் உட்காரும் நெடி. அந்த நெடி ஜன்னல் வழியாகப் படிக்கட்டுக்கு வந்து, நேராக மாடி வீட்டுக்கு ஏறும். மாடி வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்த அம்மா நாகர்கோவில்காரர், வாய் சும்மா இருக்காது. சால் கமிட்டியிடம் போய்விட்டார். கமிட்டி அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது: ஒன்று நெடி நிற்க வேண்டும், இல்லையென்றால் கடை இடம் மாற வேண்டும்.

தாராவியில் இன்னொரு இடம் என்பது பேச்சுக்குத்தான். அண்ணனுக்கு அந்த அறையை விட்டால் கடை இல்லை. ஜன்னலை அடைத்தால் மாடிக்கு நெடி போகாது. ஆனால் அடைத்துக்கொண்டு உள்ளே மூச்சு விட முடியாது.

"நீ காத்தைப் பத்தித்தானட்டி படிக்க? இதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார் அண்ணன். அத்தனை வருடம் படிக்க வைத்ததற்கு அவர் தங்கச்சியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் துள்ளினேன். பின்னே? ஆய்வகத்துக் கணக்கு ஒரு ஜன்னலை மூடப்போகிறது என்றால் யாருக்குத்தான் துள்ளல் வராது! கோடை விடுமுறையில் அக்காவும் நானும் ஒரு மரப்பெட்டி செய்தோம். ஒரு பக்கம் சின்ன ஃபேன் அறைக் காற்றை இழுக்கும். நடுவில் சிரட்டைக் கரிப் படுக்கை. மறுபக்கம் சுத்தமான காற்று அறைக்குள்ளேயே திரும்ப வரும். பசையிலிருந்து கிளம்புகிற ஆவி டொலுயீன். அதைத் தனியாக விட்டுக் கரியைச் சோதித்தோம். கரி அதை மாமியார் வீட்டு மருமகன் போல உட்கார வைத்து உபசரித்தது. கணக்குப்படி ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கும்.

அதற்கு முன்னால் அக்கா அண்ணனிடம் கேட்காமல் இல்லை. என் காதால் கேட்டேன்.

"சொல்யூஷன்ல கூட என்ன கலக்குதீங்க?"

"ஒண்ணும் கலக்கல. டப்பாவைத் தொறக்கோம், தடவுதோம்."

"நெசமா?"

"ஏட்டி, கர்த்தருக்கு முன்னாடி சொல்லுதேன். ஒண்ணும் கலக்கல."

மே மாதம் அது. அவர் சொன்னது மே மாதத்துக்கு முழு உண்மை.

பெட்டியை மாட்டி, ஜன்னலைச் சாத்தினோம். நெடி நின்றது. மாடி வீட்டம்மா படியிறங்கி வந்து மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, படிச்ச பிள்ளைதான்" என்றார். மழை தொடங்கியதும் கமிட்டி வந்து பார்த்து முடிவாகச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. புழுக்கத்தில் அந்த ஃபேன் காற்று எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. அண்ணன் தன் பலகையை நகர்த்தி, பெட்டியின் வாய்க்கு நேராகவே போட்டுக்கொண்டார். "முதலாளிக்கு ஏசி" என்று காரிகர்கள் கேலி செய்தார்கள்.

எனக்கு வேலை முடிந்துவிட்டது. மனதுக்குள் அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி, தாராவி முழுக்கப் பெட்டி என்று ஓடிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு முடியவில்லை. ஆய்வகம் முடிந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி சயானில் இறங்கி, வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கடைக்குள் நுழைந்து மோந்து பார்ப்பார். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

"நல்லாத்தானேக்கா போயிட்டிருக்கு?"

"உக்காந்திருக்கு. சரி. பின்னால யாரு வாராங்கன்னு தெரியலயே."

"யாரும் வரலைன்னு அண்ணன் சொல்லிட்டாரே."

"ம்" என்றார். அந்த "ம்"மில் நம்பிக்கை இல்லை.

மழை வந்தது. மும்பை மழை தெரியுமல்லவா, சுவரே வியர்க்கும். அப்படி ஒரு மதியம் நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் பெட்டிக்கு நேரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் நுழையவில்லை. மறுபடி தவறிற்று. அதற்குச் சிரித்தார். நூல் கோப்பதில் அப்படிச் சிரிக்க ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த காரிகரும் சேர்ந்து சிரித்தார்.

"வாட்டி வா! உன் பொட்டி பிரமாதம். இப்ப மணமே மாறிட்டு தெரியுமா? சொல்யூஷன் நெடி சுத்தமா இல்ல. பழ வாசம்லா வருது! மாம்பழமா, அன்னாசியான்னு எங்களுக்குள்ள பந்தயம்."

அக்கா அப்படியே நின்றார். அவர் அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே. சொல்யூஷன்ல கூட என்ன?"

"திருப்பியும் ஆரம்பிச்சிட்டா. ஒண்ணும் கலக்கலன்னு எத்தனை வாட்டி சொல்ல?"

"இந்த மழையில பசை எப்படிக் காயுது?"

"அதுக்குத் தின்னர் ஊத்துவோம்லா. டக்குனு பறந்துரும், பசையும் பிடிச்சிரும். வருசா வருசம் ஊத்துததுதான."

"ஒண்ணும் கலக்கலன்னு சொன்னியே!"

"ஏ, இது கலக்குததாட்டி? இது மழைக்கு!"

அண்ணன் பொய் சொல்லவில்லை. வெயிலில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரிடம் கையில் என்ன என்று கேட்டால் குடையைச் சொல்வாரா? தின்னர் அவருக்குக் குடை. மழை வந்தால் எடுப்பது, நின்றால் வைப்பது. உலகத்தில் எல்லோரிடமும் "கூட யாரு?" என்று கேட்டுத் திரிந்தவர், சொந்த அண்ணனின் கடையில் கேள்வியை மே மாதத்தில் கேட்டுவிட்டார்.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பெட்டிக்குள் போகிற காற்றை ஒரு பையிலும் வெளியே வருகிற காற்றை இன்னொரு பையிலும் பிடித்தோம். ஊதிய தலையணை அளவுக்குப் பளபளவென்று இரண்டு பைகள். சயானிலிருந்து மாட்டுங்கா ஒரே ஸ்டேஷன்தான், ஆனால் பெண்கள் பெட்டியில் ஒரு மாமி பிடித்துக்கொண்டார். "யே குப்பாரா பீ பைட்டேகா க்யா? டிக்கெட் நிகாலா?" பலூனும் உட்காரப் போகிறதா என்று கேட்டதற்குப் பெட்டியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பைகளைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்துக் காட்டும் கருவி இருந்தது. ஒவ்வொரு வாயுவுக்கும் திரையில் ஒரு மேடு எழும்பும். பசையின் டொலுயீன் உள்ளே போகும் காற்றில் உயரமாக இருந்தது, வெளியே வரும் காற்றில் இல்லவே இல்லை. சபாஷ். தின்னரின் மேடு உள்ளே போகும் காற்றில் ஓர் உயரம் இருந்தது. வெளியே வரும் காற்றில் அதைவிட உயரம்.

நான் கத்தியேவிட்டேன். "அக்கா! போறதை விட வர்றது அதிகம்!"

எவ்வளவு அழகான விஷயம் தெரியுமா அது! லேசான வாயு முதலில் கரிக்குள் ஓடிப்போய்ப் பரந்து உட்கார்ந்துகொள்கிறது. பின்னாலேயே கனமானது மெல்ல வருகிறது. அதற்குத்தான் கரியின் பிடி அதிகம். வரவர லேசானதை எழுப்பிவிடுகிறது. எழும்பியதும், புதிதாக வந்துகொண்டிருப்பதும் சேர்ந்து ஒரே வாசல் வழியாக வெளியே பாய்கின்றன. போதாதற்கு மழைக்காலத்து ஈரம் வேறு துளைகளில் வந்து இடம் பிடிக்கிறது. புத்தகத்தில் கோடாகப் பார்த்ததைக் கண்ணெதிரே பார்க்கிற குதூகலம் எனக்கு.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகச் சயான் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் அந்தக் காத்துக்கு நேராலாட்டி உக்காந்திருக்கான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த நூல் ஞாபகம் வந்தது, தின்னர் தலைக்கேறிய அந்தச் சிரிப்பும்.

அன்றே ஃபோனில் சொன்னார். அண்ணன் கேட்டாற்போல் கேட்டுவிட்டு ஜன்னலை மறுபடி சாத்திக்கொண்டார். மறுநாள் கமிட்டி வருகிறதே! நாங்கள் போனபோது செக்ரட்டரியும் இரண்டு பேரும் குழந்தையை இடுப்பில் வைத்தபடி மாடி வீட்டம்மாவும் அறைக்குள் நின்று மோந்துகொண்டிருந்தார்கள்.

"ஏக்தம் கிளீன்" என்றார் செக்ரட்டரி. "நெடியே இல்ல. கடை இங்கயே இருக்கட்டும். ஒரே கண்டிஷன், அந்த ஜன்னலை நிரந்தரமா அடைச்சிருங்க."

அண்ணனின் முகத்தில் எத்தனையோ மாதமாக இல்லாத வெளிச்சம். அக்கா நேராகப் போய் ஜன்னலை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். மழைச்சாரல் உள்ளே அடித்தது.

"இதை அடைக்கக்கூடாது. பொட்டி வேலை செய்யல."

"ஏட்டி!" என்றார் அண்ணன்.

"சொல்யூஷனைப் பிடிக்கு. தின்னரைப் பிடிக்கல. பிடிச்சதையும் தூக்கி வெளிய எறியுது. உள்ள போறதைவிட வெளிய வாரதுதான் ஜாஸ்தி."

செக்ரட்டரி சிரித்தார். "அது எப்படிம்மா? ஒரு பக்கெட் ஊத்தினா ஒண்ணரை பக்கெட் வருமா?"

நான் முந்திக்கொண்டு கரி, துளை, பிடிப்பு என்று மூச்சு விடாமல் விளக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை. மாடி வீட்டம்மாதான் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு குறுக்கே பேசினார்.

"அதுல என்னவே அதிசயம்? சயான்ல நாலு பேரு ஏறுதா. தாதர்ல பத்து பேரு எறங்கலியா? முன்னாடியே உக்காந்திருந்தவளும் சேந்துதான எறங்குதா." பிறகு அக்காவைப் பார்த்தார். "அப்ப இந்தப் பழ வாசம்?"

"அதான் தின்னர்."

அந்த அம்மா சட்டென்று குழந்தையின் முகத்தைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்விட்டார்.

"கரிய மாத்திப் போடு!" என்றார் அண்ணன். "வாரா வாரம் மாத்துவோம். நீ சொல்லு, எத்தனை நாளைக்கு ஒருக்க மாத்தணும்?"

"எனக்குத் தெரியாது அண்ணே. நீ எவ்வளவு ஊத்துவ, எவ்வளவு ஈரம் வரும், எப்ப நெறையும், ஒண்ணும் சொல்ல முடியல. எப்பன்னு சொல்ல முடியாத பொட்டிய நம்பி உன்னை உள்ள வச்சு அடைக்க மாட்டேன்."

"கட போயிரும்ட்டி."

"தெரியும்."

"உன்னைப் படிக்க வச்ச கட."

அக்கா ஜன்னல் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

கடை போகவில்லை. மாடி வீட்டம்மாவேதான் கமிட்டியிடம் வாதாடினார்: வெட்டுவதும் தைப்பதும் கீழே நடக்கட்டும், ஒட்டுவது மட்டும் மொட்டைமாடியில் தார்ப்பாய்க்குக் கீழே, திறந்த காற்றில். சொல்யூஷன் டப்பா கீழே இறங்கினால் அன்றோடு கடை காலி. கமிட்டி ஒப்புக்கொண்டது. ஆனால் சாய்த்து அடிக்கிற மழையில் தார்ப்பாய் என்ன செய்யும்? ஒட்டுகிற வேலை நாள்கணக்கில் நின்றது. சரக்கு தாமதமானது, பெரிய பார்ட்டி ஒருவர் வேறு கடைக்குப் போய்விட்டார். அண்ணன் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே அறை வீட்டில் பேசாமல் இருப்பது எளிதல்ல. சாப்பாட்டுத் தட்டு நகர்த்துகிற ஓசைகூடப் பேச்சாகிவிடும். அக்கா செம்பூரில் ஒரு பேயிங் கெஸ்ட் அறைக்கு மாறிப் போனார்.

அங்கே ஒருமுறை போனேன். கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார், நாலெட்டு போய் நாலெட்டு திரும்பி. பழிக்குப் பழியாக நான் கேட்டேன்.

"உங்க கூட யாருக்கா?"

சுற்றிப் பார்த்தார். "ஃபேன் இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் முதலில் நிறுத்திக்கொண்டேன்.

ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க டொலுயீன், தின்னர், ஈரம் மூன்றும் சேர்ந்த கணக்கைப் போட்டார். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், "இரண்டு வாயுவோடு நிறுத்தியிருக்கலாமே, மூன்றாவது எதற்கு?" என்று கேட்டபோது, "மழைக்கு, சார்" என்றார். அவருக்குப் புரிந்திருக்காது. பிறகு மேல் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டில் ஒரு குளிர்ந்த, வறண்ட ஊருக்குப் போனார். முதல் வாரம் அங்கிருந்து பேசினார். "உதடெல்லாம் வெடிக்குட்டி. இங்க காத்துல கூட யாருமே இல்ல."

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு வேலை கிடைத்துவிட்டது, டோம்பிவிலி ரயிலில் நானும் இப்போது கதவோரம்தான் நிற்கிறேன். போன வாரம் லேப்டாப் பையின் பட்டை அறுந்துபோக, வேறு யாரிடமோ கொடுக்க மனம் வராமல் அண்ணனின் கடைக்குப் போனேன். வெளியே நல்ல மழை.

அண்ணனுக்கு முன்னந்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வா பிள்ள" என்றார். பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பெட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது, மேலே ஒரு காரிகர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கச் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் இருந்தது. கதவுகள் இல்லை. கீல் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் தெரிந்தன. சாரல் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"கதவு எங்கண்ணே?"

"கழட்டிட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மழை பலமா அடிச்சா இவனுக டப்பாவைக் கீழ எடுத்துட்டு வந்துருவானுக. மாடிக்கு நெடி போகக்கூடாதுன்னு கதவைச் சாத்துவானுக. எனக்கே தோணும். கதவு இருந்தாத்தான சாத்த? இப்ப டப்பாவைக் கீழ தொறந்தா நெடி சாலுக்கே தெரிஞ்சிரும்."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னன்னா பையைத் தர மாட்டேன்."

பட்டையை எடுத்துத் தைக்கத் தொடங்கினார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அங்க அவ கூட யாரு இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. மழை கொஞ்சம் திசை மாறி, உள்ளே இன்னும் பலமாக அடித்தது. அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அந்த இடைவெளியில் ஜன்னலைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணன் கேட்டதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். பை போனால் போகட்டும்.

அக்கா உடனே பார்த்துவிட்டார். எழுதுகிறார் என்று திரையில் தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதினார். கடைசியில் வந்தது அண்ணன் கேட்டதற்குப் பதில் அல்ல.

"சாரல் உள்ள அடிக்கே. தோலை எல்லாம் யாரு நகத்தி வைக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் குனிந்து, ஜன்னலோரம் அடுக்கியிருந்த தோல் கட்டுகளை ஒவ்வொன்றாக நெஞ்சோடு தூக்கி எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. காரிகர் உதவிக்கு எழுந்ததற்கு, "நீ தைய்யி" என்றார்.

"அண்ணன்தான்" என்று எழுதி அனுப்பினேன்.